ஆறு மணி நேரமும் ஏழு வாரமும்

திருத்தணி மலைக்கோயிலுக்கு 365 படிகள். ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி என்று சொல்வது வழக்கம். ஏறும்போது நடுவழியில் நின்றுவிடுகிறவர்களில் இரண்டு வகை உண்டு. மூச்சு இரைத்து நிற்பவர்களை எல்லோருக்கும் தெரியும். இன்னொரு வகையினருக்கு மூச்சு சீராகத்தான் இருக்கும். ஆனால் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்துவிடுவார்கள். இரண்டு மூன்று நிமிடம் நின்றால் வலி அடங்கிவிடும். மறுபடி ஏறினால், முன்பு எத்தனை படியில் பிடித்ததோ ஏறக்குறைய அத்தனை படியில் மறுபடி பிடிக்கும். போன ஆடிக் கிருத்திகைக்கு நூறு படி தாங்கிய கால் இந்த ஆண்டு அறுபதிலேயே நிற்கிறது என்றால், அந்தக் காலுக்குப் போகும் தமனியில் அடைப்பு வளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். பெரிய மருத்துவமனைகளில் நடைப்பட்டை மேல் நடக்கவிட்டு மருத்துவர்கள் கண்டுபிடிப்பதை இந்த மலை காசில்லாமல் சொல்லிவிடுகிறது. நாம்தான் அதை வாயு, மூட்டுத் தேய்மானம், வயசு என்று பெயர் வைத்துத் தைலம் தேய்த்து அனுப்பிவிடுகிறோம்.

சும்மா உட்கார்ந்திருக்கும் தசைக்குக் கொஞ்சம் ரத்தம் போதும். படியேறும் தசைக்கு அதைப்போலப் பல மடங்கு வேண்டும். உள்ளே கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து குறுகிய குழாயால் அந்தக் கூடுதல் ரத்தத்தைத் தர முடியாது. பட்டினி கிடக்கும் தசை வலியால் முறையிடுகிறது. இந்த அடைப்பை வளர்ப்பவை பீடி, சிகரெட், சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு, முதுமை. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்-இண்டியாப் ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயுள்ளவர்கள் மட்டும் 10 கோடிக்கு மேல். அவர்களில் பெரும்பாலோர் காலை இழக்கப்போவதில்லை. ஆனால் இழக்கப்போகிறவர்கள் பெரும்பாலும் அவர்களுக்குள்ளிருந்துதான் வருவார்கள்.

இப்போது மேலே சொன்ன பட்டியலை இன்னொரு முறை படியுங்கள். புகை, சர்க்கரை, கொதிப்பு, சிறுநீரகம், முதுமை. 2020-ல் கொரோனா யாரைக் கடுமையாகத் தாக்கியது என்று உலகம் முழுக்க மருத்துவர்கள் எழுதிய பட்டியலும் கிட்டத்தட்ட இதுவேதான். இது தற்செயல் இல்லை. மூக்கு வழியாக நுழைந்து நுரையீரலைப் பிடிக்கும் கிருமி என்று நாம் அறிந்த அந்த வைரஸ், உள்ளே போனபின் ரத்தக்குழாய்களிலும் கைவைத்தது. அதனால்தான் ரத்தக்குழாய் அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டவர்கள் அந்தக் காலத்தில் ஒரு கடும் நெருக்கடியில் சிக்கினார்கள். கத்தி வைத்தால் உயிருக்கு ஆபத்து, வைக்காவிட்டால் காலுக்கு ஆபத்து.

மூக்குக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்? அதைப் புரிந்துகொள்ள ரத்தக்குழாயின் உட்புறத்தைப் பார்க்க வேண்டும். பெருந்தமனியிலிருந்து தலைமுடியை விட மெல்லிய நுண்குழாய் வரை எல்லாவற்றின் உட்பக்கத்தையும் ஒரே ஒரு செல் தடிமனுள்ள படலம் மூடியிருக்கிறது. எண்டோதீலியம் என்பது அதன் பெயர். பழகிய தோசைக்கல்லில் மாவு ஒட்டாது. அதையே யாராவது சபீனா போட்டு அழுத்தித் தேய்த்துவிட்டால் அடுத்த தோசை பிய்ந்துதான் வரும். எண்டோதீலியமும் அப்படித்தான். அது நல்ல நிலையில் இருக்கும்வரை ரத்தம் அதன்மேல் வழுக்கிக்கொண்டு ஓடும். ரத்தம் உறையாமலிருக்க உதவும் பொருள்களை அந்தப் படலமே சுரந்துகொண்டிருக்கும். படலம் புண்பட்டால் அதே செல்கள் மனம் மாறிவிடும். உறையச் செய்யும் பொருள்களை வெளியே விடும், தட்டணுக்களை இழுத்துப் பிடித்து ஒட்டவைக்கும்.

19-ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோவின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் மூன்று காரணங்கள் உண்டு: குழாயின் சுவர் புண்படுவது, ரத்த ஓட்டம் தேங்குவது, ரத்தமே எளிதில் உறையும் தன்மைக்கு மாறுவது. இதில் ஒன்று இருந்தாலே ரத்தம் கட்டியாகலாம். கடுமையான கொரோனாவில் மூன்றும் ஒன்றுசேர்ந்தன. காய்ச்சலில் படுத்த படுக்கையாகக் கிடப்பவருக்கு ஓட்டம் தேங்கும். உடம்பின் அழற்சி எதிர்வினை ரத்தத்தின் தன்மையை மாற்றும். சுவரோ நேரடித் தாக்குதலுக்கு ஆளாகிறது. ஏனென்றால் வைரஸ் செல்லுக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் ஏ.சி.இ-2 என்ற புரதம் ரத்தக்குழாய்களிலும் இருக்கிறது. 2020 ஏப்ரலிலேயே சுவிட்சர்லாந்தின் சூரிச் பல்கலைக்கழக மருத்துவமனையில் சுசன்னா வார்காவும் சக மருத்துவர்களும் கொரோனா நோயாளிகளின் பல உறுப்புகளில் எண்டோதீலியம் அழற்சி கண்டிருப்பதை லான்செட் இதழில் எழுதினார்கள். அந்தச் செல்களைக் கிருமி நேராகவே பிடிக்கிறதா, அழற்சிதான் அவற்றைக் கெடுக்கிறதா என்ற வாதம் பின்னரும் தொடர்ந்தது. கெட்டுப்போகின்றன என்பதில் வாதமில்லை. அதே ஆண்டு இன்னொரு குழு, கொரோனாவில் இறந்தவர்களின் நுரையீரலையும் இன்ஃபுளுவென்சாவில் இறந்தவர்களின் நுரையீரலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. காற்றறைகளைச் சுற்றிய நுண்குழாய்களில் ரத்தக் கட்டிகள் கொரோனா நுரையீரலில் ஒன்பது மடங்கு அதிகமாக இருந்தன. இரண்டுமே சுவாச நோய்கள்தான். ஆனால் இரண்டும் ரத்தத்தை நடத்திய விதம் வேறு.

கட்டிகள் நுண்குழாயோடு நிற்கவில்லை. வட இத்தாலியில், முதல் அலை மிகக் கொடூரமாக அடித்த லொம்பார்தி மாநிலத்தில் பிரேஷா நகர ரத்தக்குழாய் மருத்துவர்கள் தங்கள் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார்கள். 2019-ன் முதல் மூன்று மாதங்களில் வந்த 163 நோயாளிகளில் திடீரென்று காலுக்கு ரத்தம் நின்றுபோய் வந்தவர்கள் 3 பேர். 2020-ன் அதே மூன்று மாதங்களில் வந்த 141 பேரில் 23 பேர். அவர்களில் 20 பேருக்குக் கொரோனா இருந்தது. ஓராண்டுக்குப் பின் இரண்டாம் அலையில் நம் நாட்டு மருத்துவர்களும் அதையே பார்த்தார்கள். டெல்லி சர் கங்காராம் மருத்துவமனையின் ரத்தக்குழாய் அறுவை மருத்துவர் அம்பரீஷ் சாத்விக் 2021 மே மாதம் ஒரு படத்தை வெளியிட்டார். கொரோனா நோயாளி ஒருவரின் கால் தமனியிலிருந்து எடுத்த ரத்தக் கட்டி அது. தமனியின் வார்ப்பு போல நீண்டு, கிளை பிரிந்து, கருஞ்சிவப்பாகக் கிடந்தது. அந்தக் கால் காப்பாற்றப்பட்டது. நுரையீரல் நோய் என்று நினைத்துக்கொண்டிருந்த பலருக்கு அன்றுதான் இந்த நோயின் இன்னொரு முகம் புரிந்தது.

கால் தமனி படிப்படியாக அடைவதற்கும் திடீரென்று அடைவதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. மெதுவாக அடையும்போது உடம்பு பக்கத்துச் சிறு குழாய்களைப் பெருக்கி மாற்றுப் பாதை போட்டுக்கொள்ளும். படியில் நிற்கவேண்டி வரும், அவ்வளவுதான். திடீரென்று அடைத்தால் அதற்கு அவகாசமில்லை. கால் முதலில் வெளுக்கும். பிறகு தண்ணீரில் கிடந்ததுபோல ஜில்லென்று ஆகும். கடும் வலி வரும். பாதத்தில் நாடி கிடைக்காது. மரத்துப்போகும். கடைசியாக விரல்களை அசைக்க முடியாமல் போகும். மரத்துப்போனதும் வலி குறைந்ததுபோல் தோன்றும். சரியாகிவிட்டது என்று நோயாளி நினைத்துக்கொள்ளும் அந்த வேளையில்தான் நரம்பு செத்துக்கொண்டிருக்கிறது. ரத்தம் அடியோடு நின்றால் சுமார் ஆறு மணி நேரத்தில் தசையும் நரம்பும் மீட்க முடியாத அழிவை நோக்கிப் போகத் தொடங்கிவிடும். அதன்பின் அடைப்பை எடுத்தாலும் ஆபத்து தீராது. செத்த தசையில் தேங்கிய பொட்டாசியமும் நச்சுகளும் ஒரே வீச்சில் உடம்புக்குள் திரும்பி இதயத்தையும் சிறுநீரகத்தையும் தாக்கும்.

அந்தக் கட்டியை எடுக்கும் கருவியின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1960-க்கு முன்பு கட்டியை எடுக்க நீளநீளமாகத் தமனியைத் திறக்க வேண்டியிருந்தது. பலர் காலை இழந்தார்கள், பலர் உயிரையே. அமெரிக்காவின் சின்சினாட்டியில் மருத்துவ மாணவராக இருந்த தாமஸ் ஃபோகார்ட்டிக்கு ஒரு யோசனை தோன்றியது. மெல்லிய குழாயைக் கட்டியைத் தாண்டி உள்ளே செலுத்தி, அதன் நுனியிலுள்ள பலூனை ஊதி, அப்படியே வெளியே இழுத்தால் கட்டியும் கூடவே வந்துவிடாதா? பலூனுக்கு அவர் எடுத்தது அறுவைக் கையுறையின் சுண்டுவிரல் பகுதி. ரப்பரையும் குழாயையும் ஒட்டப் பசை இல்லை. சிறு வயதில் மீன்பிடித் தூண்டிலுக்குப் பூச்சி வடிவம் கட்டிப் பழகிய கை அவருடையது. அந்த முடிச்சால் நூலைச் சுற்றிக் கட்டினார். 1960-களின் தொடக்கத்தில் மனிதர்களிடம் பயன்படுத்தப்பட்ட அந்தப் பலூன் குழாய்தான் இன்றும் உலகெங்கும் கால்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. தொடை இடுக்கில் ஒரு சிறு கீறல், அந்த இடம் மட்டும் மரக்க ஒரு ஊசி, பலூனை உள்ளே விட்டு இழுப்பது. பல சமயம் முழு மயக்கமே தேவையில்லை.

கொரோனா இதையும் கெடுத்தது. பிரேஷாவின் அந்த 20 கொரோனா நோயாளிகளில் அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டவர்கள் 17 பேர்; அவர்களில் 12 பேருக்குத்தான் ரத்த ஓட்டம் மீண்டது. வழக்கமாக இதைவிட நல்ல பலன் தரும் சிகிச்சை இது. மருத்துவர்களின் கையில் குறையில்லை. கட்டியை எடுத்துக் குழாயைச் சுத்தமாக்கினாலும் ரத்தம் மறுபடி உறைந்தது. நோய் குழாயில் ஓரிடத்தில் இல்லை, ஓடுகிற ரத்தத்திலும் குழாய் முழுவதிலும் இருந்தது. அந்த 20 பேரில் 8 பேர் மருத்துவமனையிலேயே இறந்தார்கள். பெரும்பாலும் நுரையீரல்தான் கைவிட்டது.

நுரையீரல் பக்கம் வருவோம். முழு மயக்கம் கொடுத்துச் செயற்கைச் சுவாசத்தில் வைக்கும்போது நுரையீரலின் அடிப்பகுதியில் காற்றறைகள் சுருங்கி மூடிக்கொள்ளும். இருமிச் சளியை வெளியேற்றும் வழக்கம் நின்றுபோகும். அறுவை என்ற அதிர்ச்சி நோய் எதிர்ப்பாற்றலைச் சில நாட்கள் தடுமாறச் செய்யும். நல்ல உடம்பு இதையெல்லாம் ஓரிரு நாளில் சரிசெய்துகொள்ளும். உள்ளே வைரஸ் பெருகிக்கொண்டிருக்கும் உடம்பில் என்ன ஆகும்? முதல் பதில் வூஹானிலிருந்து வந்தது. அறிகுறி எதுவும் தெரியாத நிலையில், தொற்று உள்ளே இருப்பதே அறியாமல் அறுவைக்குப் போன 34 பேரை அங்கே தொடர்ந்து கவனித்தார்கள். 15 பேர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போக நேர்ந்தது. 7 பேர் இறந்தனர்.

பிறகு கோவிட்சர்ஜ் என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பு 24 நாடுகளில் 235 மருத்துவமனைகளிலிருந்து 1,128 பேரின் விவரத்தைத் திரட்டியது. எல்லோரும் அறுவையை ஒட்டிக் கொரோனா தொற்றியவர்கள். பாதிப் பேருக்கு நுரையீரல் சிக்கல் வந்தது. 30 நாட்களுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 24. இது எல்லா வகை அறுவைகளையும் சேர்த்த கணக்கு. ரத்தக்குழாய் அறுவையை மட்டும் எடுத்துக்கொண்ட கவர் என்ற ஆய்வு 19 நாடுகளில் முதல் அலையின்போது சிகிச்சை பெற்ற 1,103 பேரைக் கவனித்தது. மருத்துவமனையிலேயே இறந்தவர்கள் நூற்றுக்கு 11. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இந்த 1,103 பேரில் மிகப் பெரும்பாலோருக்குக் கொரோனா உறுதியாகவில்லை. அப்படியும் இவ்வளவு பேர் இறந்தார்கள். தாமதமாக வந்தவர்கள், மிக மோசமான நிலையிலிருந்தவர்கள் மட்டுமே அறுவை மேசைக்கு வந்தார்கள் என்பது இதற்கு ஒரு காரணம். ஆகவே தொற்றுக் காலத்தில் இறப்புக்குக் கிருமியை மட்டும் பொறுப்பாக்கிவிட முடியாது, காத்திருப்பும் கொன்றது. அந்த எண்கள் தடுப்பூசிக்கு முந்தைய எண்கள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். இன்று அவற்றைச் சொல்லி யாரையும் பயமுறுத்தக் கூடாது.

சரி, தொற்று வந்துபோன ஒருவருக்கு எப்போது அறுவை செய்யலாம்? 2020 அக்டோபரில் 116 நாடுகளில் அறுவைக்குப் போன 1,40,231 பேரை வைத்து விடை தேடினார்கள். அறுவை ஆய்வுகளில் இவ்வளவு பெரிய திரட்டு அபூர்வம். தொற்றே வராதவர்களில் 30 நாட்களுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 1.5. தொற்று கண்ட இரண்டு வாரத்துக்குள் அறுவை செய்யப்பட்டவர்களில் 4.1. மூன்று நான்கு வாரங்களில் 3.9. ஐந்து ஆறு வாரங்களில் 3.6. ஏழு வாரம் கடந்தால் மறுபடி 1.5. படிப்படியாக இறங்காமல் ஆறு வாரம் வரை உயரத்திலேயே நின்று, பிறகு சட்டென்று தரைக்கு வந்துவிடுகிறது. காய்ச்சல் விட்டு, சளிப் பரிசோதனை நெகட்டிவ் ஆன பிறகும் உடம்புக்குள் ஏதோ ஆறாமல் கிடக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை. ஏழு வாரத்துக்குப் பிறகும் இருமலோ மூச்சுத்திணறலோ தொடர்ந்தவர்களுக்கு ஆபத்து குறையவேயில்லை. அவர்களில் நூற்றுக்கு 6 பேர் இறந்தார்கள்.

ஏழு வாரம் பொறுங்கள் என்று அன்றைய வழிகாட்டுதல்கள் சொன்னதற்குக் காரணம் இதுதான். பித்தப்பைக் கல்லும் குடலிறக்கமும் ஏழு வாரம் பொறுக்கும். ரத்தம் நின்றுபோன கால் ஆறு மணி நேரத்துக்கு மேல் பொறுக்காது. இந்த இரண்டு கெடுவுக்கும் நடுவில்தான் ரத்தக்குழாய் மருத்துவர்கள் ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியாகத் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது.

சில தீர்ப்புகள் சுலபம். திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டைப் பக்கம் விசைத்தறிகள் அதிகம். நாள் முழுக்கத் தறி முன்னால் நின்றே வேலை செய்கிறவர்களுக்குக் காலில் நரம்புச் சுருட்டு வருவது சகஜம். அது சிரைகளின் வால்வு கெடுவதால் வருவது. ரத்தம் கசிந்தால் ஒழிய அறுவை காத்திருக்கலாம், கட்டுத்துணியும் காலை உயர்த்தி வைப்பதும் போதும். படியேறினால் மட்டும் வலிக்கும் காலும் காத்திருக்கலாம். ஆனால் ராத்திரி படுத்தபின் பாதம் வலித்து, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டால்தான் தூக்கம் வருகிறது என்றால் அது வேறு கட்டம். ஓய்விலிருக்கும் பாதத்துக்கே ரத்தம் போதவில்லை. புவியீர்ப்பின் தயவில் கொஞ்சம் இறங்குகிறது. அங்கே வாரக் கணக்குதான் அவகாசம். சீழ் பிடித்த சர்க்கரைப் புண்ணுக்கு நாள் கணக்கு. வயிற்றில் தமனி வீங்கி வலி கண்டுவிட்டால் அதே நாள்.

2020 மார்ச் 20 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் அவசரமில்லாத அறுவைகளைத் தள்ளிப்போடும்படி மருத்துவமனைகளைக் கேட்டுக்கொண்டது. உலக அளவில் முதல் அலையின் 12 வாரங்களில் 2.84 கோடி அறுவைகள் தள்ளிப்போகும் என்று ஒரு கணிப்பு வந்தது. படுக்கை, ஆக்சிஜன், ஊழியர் எல்லாம் கொரோனாவுக்குத் திருப்பப்பட வேண்டிய நேரம்; அந்த முடிவு தவறென்று நான் நினைக்கவில்லை. ஆனால் அவசரமா இல்லையா என்பதை யார் தீர்மானிப்பது? மருத்துவரை வந்து பார்த்தால்தானே அவர் தீர்மானிக்க முடியும். வீட்டிலேயே இருந்துவிட்டவரின் பாதத்தை யார் பார்த்தார்கள்?

திருத்தணிக்காரர்களுக்கு இது வெறும் கேள்வியாக இருக்கவில்லை. சாதாரண நாளில் அரக்கோணம் வழியாகப் போகும் புறநகர் ரயிலில் ஏறி சென்ட்ரலில் இறங்கி, சாலையைக் கடந்தால் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. ரத்தக்குழாய் அறுவைக்கென்று தனித் துறை அங்கே இருக்கிறது. ஏழை நோயாளிக்கு ரயில் கட்டணத்தில் எட்டிவிடும் உயர் சிகிச்சை. 2020 மார்ச் கடைசியில் நின்ற அந்த ரயில் பல மாதங்கள் பொதுமக்களுக்கு ஓடவில்லை. மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ். அது செப்டம்பர் முதல் தேதிதான் விலக்கப்பட்டது. அந்த மருத்துவமனையே கொரோனா நோயாளிகளால் நிரம்பி வழிந்தது. மேற்கே வேலூர் சி.எம்.சி. இருக்கிறது, எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து ஆந்திர மக்களும் சிகிச்சைக்கு அங்கேதான் வருவார்கள். 2020 ஏப்ரல் கடைசியில் வேலூர் மாவட்ட எல்லையில் சித்தூர் பக்கம் போகும் சாலைகளின் குறுக்கே சுவரே எழுப்பினார்கள். எதிர்ப்பு வந்ததும் சீக்கிரமே இடித்துவிட்டார்கள். ம.பொ.சி. முதலானோரின் எல்லைப் போராட்டத்துக்குப் பின் 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ ஆண்டுகள் ஆந்திரப் பக்கத்து நகரிக்காரரும் திருத்தணிக்காரரும் எல்லை என்ற நினைவே இல்லாமல் ஒரே சந்தைக்கும் ஒரே மருத்துவமனைக்கும் போய்வந்தார்கள். நோய் வந்ததும் கோடு மறுபடி தடித்துவிட்டது.

போகாமலிருந்ததன் விலையை இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரம் கணக்கிட்டுச் சொல்லியிருக்கிறது. ஊரடங்கின்போது அங்குள்ள சிகிச்சை மையத்துக்கு வந்த சர்க்கரை நோயாளிகளில் காலையோ விரலையோ எடுக்க நேரும் ஆபத்து முந்தைய ஆண்டைவிட மூன்று மடங்குக்கு மேல் கூடியிருந்தது. புண்ணின் ஆரம்பத்திலேயே வந்திருந்தால் மருந்தும் கட்டும் போதும். சில வாரம் கழித்து வந்தபோது புண் எலும்பு வரை போயிருந்தது. நம் ஊரில் இப்படி எத்தனை விரல்கள் போயின என்று எண்ணி வைத்திருந்தால் நல்லது. அடுத்த தொற்றுக்காவது அந்தக் கணக்கு உதவும்.

டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களை இந்தப் பேச்சில் பலரும் மறந்துவிடுகிறார்கள். அவர்களும் ரத்தக்குழாய் அறுவை மருத்துவரின் நோயாளிகள்தான். மணிக்கட்டருகே ஒரு தமனியையும் சிரையையும் இணைத்து ஃபிஸ்டுலா போடுவார்கள். அதன்மேல் விரல் வைத்தால் தேனீ பறப்பதுபோல ஒரு அதிர்வு தெரியும். அந்தச் சிரை தடித்து ஊசி தாங்கும் நிலைக்கு வர வாரக் கணக்கில் ஆகும். அறுவை தள்ளிப்போனால் கழுத்துச் சிரையில் தற்காலிகக் குழாய் போட்டுச் சமாளிக்க வேண்டும். அந்தக் குழாய் வழியாகக் கிருமி நேரே ரத்தத்தில் இறங்கும் அபாயம் உண்டு. இவர்களால் வீட்டில் அடைந்திருக்கவும் முடியாது. வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும், அங்கே மற்றவர்களோடு மணிக்கணக்கில் ஒரே அறையில் படுத்திருக்க வேண்டும். அவசரமில்லாத சிகிச்சை என்ற பட்டியலில் ஃபிஸ்டுலாவைப் போட்டது சரியில்லை என்று பல நாட்டு மருத்துவர்களும் பின்னர் வாதாடினார்கள். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.

நெருக்கடி சில நல்ல பழக்கங்களையும் கொண்டுவந்தது. முழு மயக்கத்துக்குப் பதிலாக முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்கச் செய்வது, தொடையின் நரம்பை மட்டும் மரக்கச் செய்வது, தமனியைத் திறக்காமல் ஊசித் துளை வழியே பலூனும் ஸ்டென்டும் வைப்பது ஆகியவற்றை மருத்துவர்கள் இன்னும் அதிகம் நாடினார்கள். தொண்டைக்குள் குழாய் இறக்க வேண்டியதில்லை என்பதால் நோயாளியின் நுரையீரலும் தப்பியது, எதிரே நின்ற மயக்க மருத்துவரும் தப்பினார். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. அடைப்புள்ள நோயாளிக்கு ஹெப்பாரின் என்ற உறைவுத் தடுப்பு மருந்து ஓடிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் முதுகில் ஊசி போட்டால் தண்டுவடத்தருகே ரத்தம் கசிந்து கால் இரண்டும் செயலிழக்கக்கூடும். மருந்தை எப்போது நிறுத்துவது, எப்போது ஊசி போடுவது, எப்போது மறுபடி தொடங்குவது என்று நேரம் பார்த்துச் செய்ய வேண்டும். கவச உடைக்குள் வியர்வையில் நனைந்து, மூக்குக் கண்ணாடி ஆவியால் மங்கிப்போன நிலையில், தலைமுடி அளவு தையல் நூலைக் கொண்டு தமனியை இணைத்தவர்கள் இதையும் கணக்கிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள்மேல் எனக்குள்ள மரியாதைக்கு அளவில்லை.

தடுப்பூசியும் பின்னர் வந்த மென்மையான திரிபுகளும் கணக்கை மாற்றின. 2023-ல் அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் அமைப்புகள் தங்கள் அறிவுரையைத் தளர்த்தின: இரண்டு வாரத்துக்குள் அவசரமில்லாத அறுவை வேண்டாம், இரண்டிலிருந்து ஏழு வாரம் வரை ஆளைப் பார்த்து முடிவெடுக்கலாம் என்றன. ஆனாலும் ரத்தக்குழாய் சீக்கிரம் மறப்பதில்லை. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கொரோனா நோயாளிகளைத் தொடர்ந்த சுவீடன் நாட்டு ஆய்வு ஒன்று 2022-ல் வெளியானது. தொற்றுக்குப் பின் காலின் ஆழ்சிரையில் கட்டி உருவாகும் ஆபத்து மூன்று மாதம் வரையிலும், நுரையீரல் தமனி அடைக்கும் ஆபத்து ஆறு மாதம் வரையிலும் கூடுதலாக இருந்ததாக அது காட்டியது. அறுவைக்கு முன் மயக்க மருத்துவர் "கொரோனா வந்ததா?" என்று கேட்டால், "போன வருஷம் எப்பவோ" என்று சொல்லாமல் மாதத்தையும் தேதியையும் சொல்வது இதனால்தான் முக்கியம். சமீபத்தில் வந்த கடுமையான ஃப்ளூ காய்ச்சலையும் சேர்த்துச் சொல்லலாம். நெஞ்சில் சளியோடு அறுவை மேசையில் ஏறுவது எந்தக் கிருமியானாலும் ஆபத்துதான்.

வீட்டில் சர்க்கரை நோயாளி யாராவது இருந்தால் இன்று மாலை அவர்கள் பாதத்தைத் தொட்டுப் பாருங்கள். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையிலிருந்து பாதத்தின் மேற்பக்கமாக மேலே வந்தால் நடுப்பாதத்தில் ஒரு நாடி. கணுக்காலின் உட்பக்க எலும்புக்குப் பின்னால் இன்னொரு நாடி. மூன்று விரல்களை மெத்தென்று வைத்துக் காத்திருந்தால் துடிப்பு தெரியும். சிலருக்கு மேற்பாத நாடி பிறவியிலேயே தட்டுப்படாது. ஆனால் ஒரு காலில் நன்றாகத் தெரிந்து மறு காலில் தெரியவில்லை என்றால் மருத்துவரிடம் டாப்ளர் பரிசோதனை கேளுங்கள். விரலுக்குத் தெரியாத ஓட்டத்தையும் அந்தச் சிறு கருவி உஸ் உஸ் என்ற ஓசையாகக் காட்டிவிடும்.

திடீரென்று ஒரு கால் வெளுத்து ஜில்லென்று ஆகிவிட்டால் கணக்கு வேறு. திருத்தணியிலிருந்து சென்னை சுமார் 85 கிலோமீட்டர். வேலூரும் கிட்டத்தட்ட அதே தூரம். ஆம்புலன்சில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போய்விடும். ராத்திரி பத்து மணிக்கு வலி வந்து, விடியட்டும் பார்க்கலாம் என்று இருந்துவிட்டால் ஆறு மணி நேரமும் வீட்டிலேயே தீர்ந்துவிடும். காலைச் சூடுபடுத்தக் கூடாது. மரத்த தோலுக்குச் சுடுவது தெரியாது, வெந்துபோகும். தைலம் தேய்த்து அழுத்தவும் கூடாது. 108-ஐ அழைத்து முதலில் பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். கால் கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தது, கொரோனாவோ ஃப்ளூவோ எப்போது வந்தது, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போனால் அங்கே நேரம் மிச்சமாகும். ரத்தக்கசிவு போன்ற தடை எதுவும் இல்லையென்றால் மருத்துவர் அங்கேயே ஹெப்பாரின் ஊசி போட்டுவிடலாம். அது அடைப்பைக் கரைக்காது; மேலும் கீழும் வளரவிடாமல் பிடித்து வைக்கும், மாற்றுப் பாதைச் சிறு குழாய்களைத் திறந்தே வைத்திருக்கும். சென்னைக்கோ வேலூருக்கோ போகும் நோயாளிக்கு அந்த முதல் ஊசி திருத்தணியிலேயே போடப்பட்டிருக்க வேண்டும். வண்டி புறப்படும்போதே, போய்ச்சேர வேண்டிய மருத்துவமனையின் ரத்தக்குழாய் அறுவைப் பிரிவுக்குத் தொலைபேசியில் தகவல் போயிருக்க வேண்டும்.